எட்டாவது கையெழுத்து

ஐன் தல்பா,
4 ஜூன் 2001

அன்புத் தங்கை அஃபீஃபாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். பெய்ரூட் வெக்கையில் நீயும் பிள்ளைகளும் எப்படி இருக்கிறீர்களோ. கார்க்கார துமீத்திடம் ஒரு கூடை செர்ரிப்பழம் கொடுத்தனுப்பியிருக்கிறேன்.

நம் நகராட்சி மன்றத்தில் அபூ ரிஸ்க் குடும்பத்து உறுப்பினர்கள் ஏழு பேரும் ராஜினாமாவில் கையெழுத்துப் போட்டு வைத்திருக்கிறார்கள். நான் தலைவரான மூன்று வருடம் முடிந்ததாம், நாற்காலியை அவர்கள் வீட்டு மிகாயிலுக்கு விடவேண்டுமாம். தீர்மானப் புத்தகத்தைப் புரட்டிப் பார்க்கச் சொன்னேன். ஆறு வருடம் என்றுதான் இருக்கிறது. பதினைந்து பேரில் எட்டுப் பேர் விலகினால்தான் மன்றம் கலையும். உன்னையும் சேர்த்து நம் ஷல்ஹூப் குடும்பத்து எட்டுப் பேரும் என் பக்கம். மேல்தெருக் குழாய் வேலை பாதியில் கிடக்கும்போது நான் எப்படி எழுந்து போவேன்?

உன் அண்ணன்,
நஸீஃப்

பெய்ரூட்,
9 ஜூன் 2001

அன்புள்ள அண்ணா,

செர்ரிப்பழம் வந்த அன்றே தீர்ந்துவிட்டது. உங்கள் கடிதம்தான் இன்னும் தொண்டையில் நிற்கிறது.

புத்தகத்தில் இல்லைதான். இந்த மாதிரி ஒப்பந்தத்தை எந்த ஊரில் எழுதி வைக்கிறார்கள்? தேர்தலுக்கு முன்பு, பாதிரியார் எதிரில், மீசையில் கை வைத்துச் சொன்னீர்கள்: "மூணு வருஷம் நான், மூணு வருஷம் நீ. என் வாய்வார்த்தை போதாதா மிகாயில்?" காப்பி கொண்டுவந்தவள் என்பதால் என்னை யாரும் சாட்சியாக நினைக்கவில்லை. நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

என் ராஜினாமாவையும் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். பதினைந்தாம் தேதிக்குள் நீங்கள் விலகாவிட்டால் இன்னொரு பிரதியை மாவட்ட அதிகாரியிடம் நானே கொடுப்பேன். மன்றம் கலைந்தால் அவர்தான் நம் ஊரைப் பார்ப்பார். நாற்பது ஊரைக் கட்டி மேய்க்கிற மனிதர் குழாயைத் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார். தெரிந்தேதான் எழுதுகிறேன், அழுதுகொண்டே எழுதுகிறேன்.

உங்கள் தங்கை,
அஃபீஃபா

ஐன் தல்பா,
11 ஜூன் 2001

நகராட்சி உறுப்பினர் திருமதி அஃபீஃபா அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. இனி இந்த வீட்டு வாசலை மிதிக்க வேண்டாம்.

நஸீஃப் ஷல்ஹூப்,
நகராட்சித் தலைவர்

ஐன் தல்பா,
14 ஜூன் 2001

என் தங்கம் அஃபீஃபா,

முந்தைய கடிதத்தைக் கிழித்துப் போடு. எழுதியவன் நானல்ல, அந்த நாற்காலி.

உன்னைத் தூண்டிவிட்டது மிகாயில்தான் என்று நினைத்து, உன் ராஜினாமாவோடு அவன் வீட்டுக்குச் சண்டைக்குப் போனேன். படித்ததும் ஆளுக்கு முகம் வெளுத்துவிட்டது. "எட்டு ஆயிடுச்சா? ஏழுக்கு மேல போகாதுங்கிற தைரியத்துலதானே நாங்க போட்டோம். மன்றம் கலைஞ்சா எனக்கு மட்டும் நாற்காலி எங்கேர்ந்து வரும்?" என்றான். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. நானும் எட்டாவது கை கிடைக்காது என்றுதானே துள்ளினேன். அவனும் சிரித்தான். இரண்டு கிழவர்களும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம்.

நேற்று முத்திரையை அவன் கையில் கொடுத்துவிட்டேன். குழாய் வேலையை முடிக்கும்வரை நீயே பார் என்று அவனே சொல்லிவிட்டான். இன்று காலை குப்பை வண்டி வரவில்லை என்று திட்டிக்கொண்டே நாலு பேர் என் வாசலைத் தாண்டி அவன் வீட்டுக்குப் போனார்கள். அப்பாடா என்றிருந்தது. உன் ராஜினாமா அடுப்பில் எரிந்துவிட்டது. உன்னிடம் இருப்பதையும் எரித்துவிடு.

மூன்று வருடமாகக் கூட்டத்துக்கு மட்டும்தான் வந்து போனாய். வருகிற ஞாயிறு வா. கூட்டம் எதுவும் இல்லை.

உன் அண்ணன்,
நஸீஃப்