ஆறு நாற்பதுக்கும் ஏழுக்கும் நடுவில்

ஜூன் 9, 2025, திங்கள்

தெருமுனைக் கைப்பம்பு, காலை ஏழு மணி: லிட்டருக்கு 2,310 மில்லிகிராம் உப்பு. இரண்டாயிரத்தைத் தாண்டினால் குடிக்கக் கூடாது. தாண்டி ஐந்து வாரமாகிறது. வழக்கம்போல் என் இணையதளத்தில் ஏற்றினேன். வந்தவர்கள்: 1. அது நான்தான்.

ஏற்றிக்கொண்டிருந்தபோதே ஜன்னலுக்கு வெளியே புஷ்ரா பம்பு அடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டுப் பெண், ஏழாவது மாதம். "கேன் தண்ணி சப்புனு இருக்கு சாச்சா, பம்புத் தண்ணிலதான் டேஸ்ட்டு" என்பாள். எழுந்து போய்ச் சொல்லியிருக்கலாம். போன வருடம் அளவு ஏறத் தொடங்கியபோதே தெருச் சங்கத்தில் சொன்னேனே. "முப்பது வருசமா குடிக்கிறோம், இன்னா ஆய்ட்டோம் சார்?" என்றார் தலைவர் பெருமாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதை நினைத்தால் இப்போதும்—

ஜூன் 12, வியாழன்

தளத்துக்கு ஆள் வர ஜெராக்ஸ் கடை தபரேஸ் ஒரு வழி சொன்னான். கல்லூரியில் என்னிடம் வேதியியல் படித்தவன், தேர்ச்சி பெறவில்லை. இணையதளங்களைப் பிரிவு பிரிவாக அடுக்கிவைத்த லிங்க் டைரக்டரிகள் உலகத்தில் நூற்றுக்கணக்கில் இருக்கின்றனவாம். "அதுல நம்ம சைட்டைச் சேத்துட்டா ஜனம் தானா வரும் சார். நீங்க யார் வாசலுக்கும் போக வேணாம்." கடைசி வாக்கியம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

ஜூன் 18, புதன்

நாற்பத்தோரு டைரக்டரிகளுக்கு விண்ணப்பித்தாயிற்று. கைப்பம்புக்கு எதிலும் பிரிவு இல்லை. ஒன்றில் 'உணவும் பானமும்' என்று போட்டேன். இன்னொன்றில் 'உடற்பயிற்சிக் கருவிகள்', அடிப்பதைக் கருதி. பொய்யாகாது என்று நினைக்கிறேன். ஆகுமோ?

அவர்கள் நம்மைச் சேர்த்தால் நாமும் அவர்களைச் சேர்க்க வேண்டுமாம். நியாயம்தான். நம் வீட்டு நிக்காஹ்வுக்கு வந்தவர் வீட்டுக்கு நாம் போகாமல் இருப்போமா? சேர்த்துக்கொண்ட ஒவ்வொருவருக்கும் நன்றிக் கடிதம் எழுதினேன். என் தளத்தில் இப்போது போலந்துத் தரைவிரிப்பு, நாய்ப் பயிற்சி, முடி நடுதல் எல்லாம் இருக்கின்றன. பம்பைத்தான் தேட வேண்டியிருக்கிறது.

ஜூன் 27, வெள்ளி

வந்தவர்கள் 340! பிரேசிலிலிருந்து மட்டும் எண்பத்தாறு. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "அவங்க யாராச்சும் நம்ம பம்புல குடிக்கிறாங்களா?" என்று கேட்டுவிட்டு ஜஹீருன்னிசா அடுப்படிக்குப் போய்விட்டாள்.

ஒருவர் தங்கிய சராசரி நேரம்: நான்கு விநாடி. பம்பு: 2,380.

ஜூலை 1, செவ்வாய்

"வந்தா போதாது சார், தங்கணும், திரும்பி வரணும்" என்கிறான் தபரேஸ். "ஊர்க்காரனுக்கு டெய்லி வேண்டிய லிங்க்கை எல்லாம் நீங்களே ஒரே எடத்துல அடுக்கிடுங்க. அதோட உங்க தண்ணியும்."

சொந்த டைரக்டரி! குடிநீர், தொழுகை நேரம், பஸ், மின்தடை, ரயில். அகர வரிசையில் குடிநீர் தானாகவே முதலில் நின்றது. நல்ல சகுனம்.

ஜூலை 4, வெள்ளி

இரண்டு நாளாகப் பேருந்து நிலையத்தில் நின்று வண்டிகளின் நேரத்தைக் குறித்தேன். நேரக் காப்பாளர் என்னைச் சோதனைக்கு வந்த அதிகாரி என்று நினைத்து டீ வாங்கிக் கொடுத்தார். இல்லை என்று சொல்லத் தைரியம் வரவில்லை. குடித்தேன்.

ஜூலை 14, திங்கள்

தினமும் இருநூறு பேர். எல்லோரும் ஆம்பூர்க்காரர்கள், எல்லோரும் பஸ்ஸுக்கு. 'குடிநீர்' இணைப்பை அழுத்தியவர் ஒருவர். வேலை செய்கிறதா என்று நான்தான் அழுத்திப் பார்த்தேன்.

மதிலுக்கு அந்தப் பக்கம் புஷ்ரா: "உங்க சைட்டைப் பாத்துதான் சாச்சா, யாசிரை ஆறு நாப்பது வண்டிக்கு எழுப்பி அனுப்புறேன்." புருஷனுக்குப் பேரணாம்பட்டில் தோல் கம்பெனி வேலை. அவள் இடுப்பில் பம்புக் குடம். இப்போ சொல்லு வாஹித், இப்போ சொல்லுடா—

"சந்தோஷம்மா" என்றேன்.

சே. இதுக்கா அவ்ளோ படிச்சே? இன்னா மனுசன்யா நீ?

ஜூலை 15, செவ்வாய்

பஸ் அட்டவணையைத் திறந்து நடுவில் ஒரு வரி சேர்த்தேன்.

6.40 பேரணாம்பட்டு
6.50 எங்கள் தெருமுனைப் பம்பு: 2,410. குடிக்காதீர்கள்.
7.00 குடியாத்தம்

பிரிவுப் பிழை. மாணவன் செய்திருந்தால் மதிப்பெண் குறைத்திருப்பேன். பொத்தானை அழுத்த எனக்கு இருபது நிமிடம் ஆயிற்று.

ஜூலை 16, புதன்

விடிந்ததும் மதிலுக்கு இந்தப் பக்கம் புஷ்ரா, கையில் போனும் குடமுமாக. "இன்னா சாச்சா, ஆறு அம்பதுக்குப் பம்பு கெளம்புதா?" சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். இந்த முறை நான் சிரிக்கவில்லை.

"அதைக் குடிக்காதேம்மா. பத்து வாரமா எனக்குத் தெரியும்."

சிரிப்பு நின்றது. "பத்து வாரமாவா? பிரேசில்காரனுக்குச் சொல்லியிருக்கீங்களாமே, சாச்சி சொன்னாங்க. எனக்குச் சொல்லணும்னு தோணலியா?"

குடத்தை அங்கேயே கவிழ்த்தாள். தண்ணீர் என் செருப்பு வரை வந்தது.

ஜூலை 20, ஞாயிறு

பெருமாள் பம்பின் கைப்பிடியைக் கழற்றிக் கொண்டுவந்து எங்கள் வாசலில் வைத்தார். "புஷ்ரா சொல்லிச்சு சார். இனிமே யாரும் அடிக்க மாட்டாங்க" என்றார்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

தளத்துக்கு எத்தனை பேர் என்று இன்று பார்க்கவில்லை. வாசலுக்குப் பதினேழு பேர். ஒவ்வொருவர் கையிலும் அவரவர் வீட்டு போர் தண்ணீர், பாட்டிலில், அளந்து சொல்லச் சொல்லி. பெயர் எழுதி ஒட்டி, தெரு வாரியாக அடுக்கினேன். தங்கிய சராசரி நேரம் அரைமணிக்கு மேல் இருக்கும். ஜஹீருன்னிசாவுக்கு டீ போட்டு மாளவில்லை.

கடைசியாக புஷ்ரா வந்தாள். அன்றைக்குப் பிறகு இன்றுதான் பேசுகிறாள். ஒரு டம்ளர் கேன் தண்ணீரை மேசைமேல் வைத்தாள்.

"இதுல எவ்ளோ? கம்ப்யூட்டர்ல போட வேணாம். இங்கியே, வாயால சொல்லுங்க."

சொன்னேன்.