அங்கே பெயர் சொல்லாதே

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். எல்லோரும் நலம் என்று எழுதத்தான் பேனாவைத் திறந்தேன், பாதி நலம் என்று வைத்துக்கொள். நீயாவது முழு நலமாக, நேரத்துக்குச் சாப்பிட்டு, குளிரில் தலையைத் துவட்டிக்கொண்டு இரு. போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். உன் அப்பாவுக்குக் காது இன்னும் மந்தமாகிவிட்டது, நான் உன்னோடு பேசினால் பக்கத்தில் நின்று என்ன சொல்றான், என்ன சொல்றான் என்பார், அவருக்குக் கத்திச் சொன்னால் சுவருக்கு அந்தப் பக்கம் தையல்காரம்மாவின் மெஷின் சட்டென்று நின்றுவிடும். அவள் தைக்காத நேரமெல்லாம் கேட்கிற நேரம்தான்.

உன் தங்கை விஷயம்தான். நடந்தது உனக்குத் தெரியும். மனசு சரியில்லாமல் அரசு மருத்துவமனையில் வைத்தியம் பார்த்தாள், தேறியும் வந்தாள், ஆனால் மருத்துவமனைக்காரர்கள் அவள் வைத்தியக் குறிப்புகளை அவளைக் கேட்காமலே அவள் நிலப்படம் வரையும் வேலை பார்த்த நில அளவை அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு அங்கே ஒவ்வொரு காலையும் மேஜைக்கு மேஜை, "என்னம்மா, மாத்திரை போட்டாச்சா? இன்னைக்குக் கோடு நேரா வருமா?" என்று சிரிப்பு. பொறுத்துப் பார்த்துவிட்டு வேலை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டாள். இப்போது அரசாங்கத்தின் மேல் வழக்கு. ஆனால் பார், ரகசியத்தைக் காப்பாற்றவில்லை என்று நியாயம் கேட்கப் போனால் அந்த ரகசியத்தையே ஊரறிய வாசித்துவிட்டுத்தான் கேட்க வேண்டும் என்றால் எப்படி? அதனால்தான் வக்கீலம்மா அவள் பெயரை மறைக்கச் சொல்லி மனுப் போட்டார். இப்போதைக்கு வழக்குத் தாள்களில் அவள் பெயர் வெறும் எக்ஸ். கணக்கு வகுப்பில் பிள்ளைகளை எக்ஸைக் கண்டுபிடி, எக்ஸைக் கண்டுபிடி என்று விரட்டியே ரிடையர் ஆனவள் நான், இந்த எக்ஸை யாரும் கண்டுபிடிக்கக் கூடாதே என்று பயந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

அரசாங்க வக்கீல் லேசில் விடவில்லை. "பேரே இல்லாத ஆளுக்கு அரசாங்கம் எப்படிங்க பதில் சொல்லும்? கேஸ் போடத் தெரிஞ்சவங்களுக்கு முகத்தைக் காட்டத் தெரியாதா?" என்றார். எனக்கு எழுந்து சொல்லலாம் போலிருந்தது. பரீட்சைத் தாளில் பெயரா இருக்கிறது, எண்தானே? அதனால் விடை பொய்யாகிவிடுமா? வக்கீலம்மா அதைவிட நன்றாகச் சொன்னார், அவள் யார் என்று அரசாங்கத்துக்கு நன்றாகத் தெரியும், நீதிபதிக்கும் தெரியும், பத்திரிகைக்கும் வேடிக்கை பார்க்க வருகிறவர்களுக்கும்தான் தெரிய வேண்டாம் என்கிறோம் என்று. நீதிபதி அடுத்த வாய்தாவில் முடிவு சொல்கிறேன், அதுவரை எக்ஸ்தான் என்றுவிட்டார். அதற்குள் ஊருக்குத் தெரிந்துவிட்டால் அப்புறம் மறைக்க என்ன இருக்கிறது? பெயரைப் போடச் சொன்னால் வழக்கே வேண்டாம்மா என்கிறாள் இவள்.

இப்போது நான் செய்த காரியத்தைக் கேள். அன்றைக்கு வழக்கைக் கூப்பிடும் முன் கோர்ட் வராந்தா பெஞ்சில் நானும் அவளும் உட்கார்ந்திருந்தோம். "டீச்சர்! என்னைத் தெரியலையா?" என்று ஒரு குரல். பார்த்தால் என்னிடம் படித்த பையன், பெண்பிள்ளைகளின் பின்னலைப் பிடித்து இழுத்துவிட்டு வகுப்புக்கு வெளியே நிற்பான் என்று நான் அடிக்கடி சொல்வேனே, அந்த வாலு. இப்போது தொப்பை, கழுத்தில் பத்திரிகை அட்டை. எனக்கு வாயெல்லாம் பல்லாகிவிட்டது. நல்லா இருக்கியாப்பா, கல்யாணம் ஆச்சா என்று கேட்டு, கேட்ட வாயோடு இதுதான் என் சின்னப் பொண்ணு, படம் வரைஞ்சா அச்சடிச்ச மாதிரி இருக்கும் என்று பெயரையும் சொல்லி அறிமுகப்படுத்திவிட்டேன்! அவனோ, "பேர் சொல்லாம யாரோ அரசாங்கத்து மேல கேஸ் போட்டிருக்காங்களாம் டீச்சர், யாருன்னு பார்க்கத்தான் வந்தேன்" என்றான். அவன் வாயை மூடும் முன் வக்கீலம்மா கதவைத் திறந்து இவளைப் பார்த்துத் தலையசைத்தார், இவள் எழுந்து போனாள். அவன் இவளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். கழுத்து அட்டையைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, "எனக்கு எதுவும் மனசுல நிக்காதுன்னு நீங்கதானே சொல்வீங்க டீச்சர், இப்பவும் அப்படித்தான்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டான். இதுவரை பத்திரிகையில் ஒரு வரி வரவில்லை.

ஆனால் அன்றைக்கு நடந்ததைக் கேட்ட வக்கீலம்மா முகம் கொடுத்துப் பேசவில்லை. "இவர் மறந்துட்டாரு டீச்சர். அடுத்த ஆள் மறப்பாரா? இந்த ஊர்ல பாதிப் பேர் உங்ககிட்ட கணக்குப் படிச்சவங்க. நீங்க உங்க பொண்ணு பக்கத்துல உட்கார்றதும் பேரை எழுதி மாட்டுறதும் ஒண்ணு. இனிமே வராதீங்க" என்றார். அப்பா வருகிறேன் என்கிறார், டீச்சர் வீட்டுக்காரர் என்று அவரையும் தெரியாதவர் இல்லை, அதோடு அவர் ரகசியம் பேசினால் வாசல் காவலருக்கும் கேட்கும். இவள் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது, "ரொம்ப நாளுக்கப்புறம் நீ என் பேரை ஒருத்தர்கிட்ட பெருமையா சொன்னேம்மா" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குத்தான் அடுப்படிக்குப் போக வேண்டியதாயிற்று.

களைப்பாக இருக்கிறதப்பா. படியேறுகிற களைப்பில்லை, பெற்றவள் பக்கத்தில் உட்காரக் கூடாது என்கிறார்களே, அந்தக் களைப்பு. அதனால் கேட்கிறேன், அடுத்த வாய்தாவுக்கு நீ வா. எங்களுக்கு இந்த ஊருக்கு மாற்றல் வந்தபோது நீ விடுதிக்குப் போய்விட்டாய், உன்னை இங்கே யாருக்கும் தெரியாது. மூக்கும் முழியும் உன் அத்தை மாதிரி, என் சாயல் துளிகூட இல்லை என்று எத்தனையோ முறை குறைப்பட்டிருக்கிறேன், இப்போது அதுவே நல்லதாய்ப் போயிற்று. லீவு கிடைக்காது என்று முதலிலேயே சொல்லிவிடாதே, கேட்டுப் பார்த்துவிட்டுச் சொல். அவளிடம் இன்னும் சொல்லவில்லை, நீ வருவது உறுதியான பிறகுதான் சொல்வேன். ஆறுதல் ஒன்றும் சொல்ல வேண்டாம், பக்கத்தில் உட்கார்ந்தால் போதும்.

நோய் நொடி இல்லாமல், நாலு பேருக்கு வேண்டியவனாக இரு. அப்பாவும் இதையே சத்தமாகச் சொல்கிறார். ஒன்றை மட்டும் மறக்காதே, அங்கே அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிடாதே. முடிந்து வீட்டுக்கு வந்ததும் வாசலில் நின்று வாய் நிறையக் கூப்பிடு. தையல்காரம்மாவுக்குக் கேட்டால் கேட்கட்டும். நான் உள்ளே காத்திருப்பேன்.

கையெழுத்தைப் பார்த்தாலே தெரிந்துகொள்வாய்,
உன் அம்மா