மூன்றாம் தொட்டியின் வாடை

ஆகஸ்ட் 27, 2019

பியருக்குக் கசப்பூட்டும் ஹாப்ஸ் பூவின் அறுவடை தொடங்கிவிட்டது. யாக்கிமா ஊர் முழுவதும் பூ காயும் வாசனை. மருத்துவர் என் முழங்காலைப் பற்றி வழக்கமான பேருரை நிகழ்த்தினார். வீடு திரும்பியபோது கிரெட்சன் வாசலில் நின்றாள். மறைந்த என் தம்பி லோவெலின் மகள். அவன் தொடங்கிய பியர் ஆலையை இன்று நடத்துபவள். அவனுடைய ‘அம்பர் ஏல்’ பியரை மறுபடியும் காய்ச்சியிருக்கிறாளாம், அவன் பெயரிலேயே. சீசாவின் பின்புறம் ஒட்டப்போகும் வாசகத்தை வாசித்தாள்: ‘கெட்டதை விற்பதைவிடத் தொட்டி முழுவதையும் கொட்டிவிடலாம் என்று நினைத்தவரின் நினைவாக.’

"நல்லாருக்கா அத்தை?"

"ஒரு ‘நினை’ அதிகம்."

ஆகஸ்ட் 29

ஆலையில் மூன்றாம் தொட்டியின் மேல் சுண்ணக்கட்டியால் ‘லோவெல்’ என்று எழுதியிருந்தது. தலைமைக் காய்ச்சுநர் ஒரோஸ்கோ ஒரு கோப்பை பிடித்துக் கொடுத்தார். செம்பழுப்பு நிறம். முதலில் பம்ப்ளிமாஸ் தோல், அடுத்துப் பைன் பிசின், அடியில் வறுத்த தானியத்தின் இனிப்பு, நாக்கின் கடைசியில் நின்று நிதானமாக விடைபெறும் கசப்பு. எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன.

அதற்குப் பிறகு வெண்ணெய். திரையரங்கில் சோளப்பொரி மீது ஊற்றும் மலிவான வெண்ணெய். பியரில் கிருமி புகுந்தால் எழும் வாடை.

"எப்படி மேடம்?"

"கொஞ்சம் தண்ணி குடுங்க" என்றேன்.

ஆகஸ்ட் 30

இருமுறை பல் துலக்கிய பிறகும் போகவில்லை.

செப்டம்பர் 1

எழுதிவிடுகிறேன்.

லோவெலுக்குப் பிறவியிலேயே அந்த வாடை தெரியாது. சிலருக்குச் சில நிறங்கள் தெரியாததைப் போல. ‘வெண்ணெய்க் குருடு’ என்பார்கள் இந்தத் தொழிலில். வெளியில் சொல்ல அவனுக்கு வெட்கம். எனவே ஒவ்வொரு தொட்டியின் முதல் கோப்பையையும் நான் வேதியியல் கற்பித்த கல்லூரிக்கே கொண்டுவருவான். 1988 அக்டோபரில் ஒரு நாள், விடைத்தாள் திருத்திக்கொண்டே முகர்ந்தேன்.

"வெண்ணெய். கொட்டிடு."

"எதுக்கும் இன்னொரு தடவ மோந்து பாரேன் அக்கா."

"எனக்கு வேலையிருக்கு. போடா."

கொட்டினான். கிருமி சுவரில் தங்கியிருக்கும் என்று தேய்த்துக் கழுவ, காலித் தொட்டிக்குள் இறங்கியவன் உயிரோடு ஏறி வரவில்லை. பியர் வெளியேறினாலும் கரியமில வாயு அடியில் தேங்கி நிற்கும் என்பது என் முதலாண்டு மாணவர்களுக்கே தெரியும். அவனுக்கும் தெரியும், அவசரத்தில் மறந்தான். நான் நினைவூட்டவில்லை.

கிரெட்சனுக்கு அப்போது ஆறு வயது. அவனே சுவைத்தான், அவனே கொட்டினான் என்று ஊர் பேசியது. நான் திருத்தவில்லை. திருத்துவதுதான் என் பிழைப்பாக இருந்தது.

செப்டம்பர் 3

மூன்றாம் தொட்டி கெட்டுவிட்டது என்று ஒரோஸ்கோவிடம் சொன்னேன்.

"ஆய்வகக் காகிதத்துல ஒண்ணுமே இல்லையே மேடம். நாங்க யாருமே மோந்து பாத்துக் கண்டுபிடிக்கலையே."

"காகிதத்துக்கு மூக்கு கெடையாது."

"அப்ப உங்க மூக்கையே பரீட்சைக்கு உக்கார வெச்சிருவோமா?" என்று சிரித்தார்.

மூன்று கோப்பைகள், இரண்டில் ஒரே பியர், ஒன்றில் வேறு. வேறானதைச் சுட்ட வேண்டும். நான் பலருக்கு வைத்த பரீட்சை. முதல் தொட்டியையும் மூன்றாம் தொட்டியையும் கலைத்துப் போட்டு ஆறு சுற்று வைத்தார்.

ஆறில் இரண்டு சரி. கண்ணை மூடிக்கொண்டு சுட்டியிருந்தாலும் இரண்டு சரியாக வந்திருக்கும். பதினெட்டுக் கோப்பைகளிலும் எனக்கு வெண்ணெய் வாடை அடித்தது. முதல் தொட்டியின் பியரைப் போன வாரம்தான் மதிய உணவோடு குடித்துப் பாராட்டியிருந்தேன்.

"வயசானா எல்லாருக்கும் வர்றதுதான் மேடம்."

எல்லாருக்கும் வரட்டும். எனக்கு எப்போது வந்தது?

செப்டம்பர் 4

அன்று லோவெல் கொட்டிய தொட்டி உண்மையிலேயே கெட்டிருந்ததா? வேறு யாரும் முகர்ந்து பார்க்கவில்லை. சான்று சாக்கடையில் போய்விட்டது. எஞ்சியிருப்பது என் மூக்கு ஒன்றுதான், அதன் மதிப்பெண் நேற்று வந்துவிட்டது.

கேட்டானே — இன்னொரு தடவ மோந்து பாருன்னு கேட்டானே. தலைய நிமித்திப் பாத்திருந்தா எனக்கென்ன கொறஞ்சு போயிருக்கும்? நாப்பது விடைத்தாள். ஒரு பேர் கூட இப்ப ஞாபகம் இல்ல.

செப்டம்பர் 7

வாசகம் திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. கிரெட்சனின் அலுவலகத்துக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன்: கல்லூரி, கோப்பை, நான் சொன்ன சொல், ஆறில் இரண்டு. வகுப்பில் பேசுவதுபோல் வரிசையாகச் சொன்னேன். வேறு விதமாகச் சொல்ல எனக்குத் தெரியாது.

"அப்பாவுக்கு அந்த வாடையே தெரியாதா?"

"தெரியாது."

"அப்ப நான் ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்ச கதை?"

"நான் உன்னச் சொல்லவிட்ட கதை."

மேசையில் இருந்த ஹாப்ஸ் பூவை இதழ் இதழாகப் பிய்த்துக்கொண்டிருந்தாள். விரல்களெல்லாம் மஞ்சள் தூள்.

"முப்பத்தோரு வருஷம், அத்தை."

கணக்கு சரிதான்.

"நீங்க கெளம்புங்க. கார் ஓட்டிருவீங்களா?"

"ஓட்டிடுவேன்."

ஓட்டினேன்.

செப்டம்பர் 15

தொலைபேசி ஒலிக்கவில்லை. நானும் அழைக்கவில்லை.

செப்டம்பர் 21

அழைத்தேன். எடுக்கவில்லை.

செப்டம்பர் 28

பிற்பகல் ஒரோஸ்கோ வந்தார். கையில் ஒரு சீசா.

"கிரெட்சன் குடுக்கச் சொன்னாங்க."

"அவ வரலையா?"

"அறுவடை நேரம் இல்லையா மேடம்" என்று காலணியைப் பார்த்தபடி சொன்னார். நல்ல மனிதர், பொய் சொல்லப் பழகாதவர்.

கண்ணாடி போட்டுக்கொண்டு பின்புறத்து வாசகத்தைப் படித்தேன்.

‘லோவெல் ஹேகன். தன் அக்காவின் சொல்லை நம்பி ஒரு தொட்டி முழுவதையும் கொட்டியவர்.’

மறுபடியும் படித்தேன். அவள் என்ன முகத்தோடு இதை எழுதினாள் என்று ஒரோஸ்கோவிடம் கேட்கவில்லை.

உள்ளே வரச் சொன்னேன். இரண்டு கோப்பைகளில் ஊற்றினேன். அவர் தன்னுடையதைத் தொடாமல் என் முகத்தையே பார்த்தார். என் தீர்ப்புக்குக் காத்திருந்த இத்தனை காலப் பழக்கம்.

"எப்படி இருக்கு மேடம்?"

"நீங்க சொல்லுங்க" என்றேன்.

அவர் குடித்துச் சொல்லும்வரை நான் என் கோப்பையை எடுக்கவில்லை.