பனி கரைந்த பாதை

நண்பனுக்கு,

கீழ்ப் பாதையில் பனி கரைந்து மண் தெரிகிறது. சனிக்கிழமை முதல் மலையில் சைக்கிள் ஓட்ட அனுமதிக்கிறார்கள். பனிச்சறுக்கு முடிந்து இதற்காகத்தானே வருடாவருடம் காத்திருப்போம்.

ஆகஸ்டில், இந்த ஊர்க் குளிர்காலத்தின் நடுவில், நீ சறுக்கி வந்து என் மகள் பிரையனி மேல் மோதியபோது, அவள் கால் முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. "மன்னிச்சிருடா, வழுக்கிடுச்சு" என்று நீ சொன்னதும் கேட்டது. கேட்ட பிறகுதான் சறுக்குக் கோலால் உன் முகத்தில் அடித்தேன். நீ விழுந்த பின்னும் அடித்தேன். உன் பல் பனியில் கிடப்பதைப் பார்த்துவிட்டு மறுபடியும் அடித்தேன். மூன்று பேர் என்னை இழுத்துப் பிடிக்க வேண்டியிருந்தது. பிரையனி தன் வலியை மறந்து, "போதும்ப்பா, செத்துருவாரு" என்று அலறினாள்.

அவள் காலில் மாவுக்கட்டு பிரித்து ஒரு மாதமாகிறது. சைக்கிள் ஓட்டலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"சனிக்கிழமை சேர்ந்து இறங்கலாமா கண்ணு?" என்று நேற்று கேட்டேன்.

ஹெல்மெட்டைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "வேணாம்ப்பா. மாமா தெரியாம இடிச்சாரு. நீங்க தெரிஞ்சே அடிச்சீங்க. நான் அவரோடயே இறங்குறேன்."

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு அவளை மலையேற்றும் லிஃப்டடியில் விடுகிறேன். நான் காரைவிட்டு இறங்க மாட்டேன். நீ வராவிட்டால் அவளிடம் என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

அவளுடைய அப்பா