ஈரம் கழிக்காத நிறுவை

என் பிடிவாதக்கார அத்தைக்கு,

கடிதம் என்றால் நலம், நலமறிய ஆவல் என்றுதான் தொடங்க வேண்டும். இந்தத் தடவை நலம் என்று எழுத முடியவில்லை. உங்களைக் கொண்டுபோன அதே புற்றுநோய் எனக்கும் வந்திருக்கிறது, மார்பில். கேமரன் மலையிலிருந்து மாதா மாதம் கோலாலம்பூருக்கு இறங்கிப்போய் மருந்து ஏற்றிக்கொள்கிறேன். பாதி வைத்தியம் இன்னும் பாக்கி. அதை முடிக்கும் தெம்பு உடம்பில் நிற்குமா என்பதுதான் வீட்டில் ஒரே கவலை.

மற்றபடி நம் லயத்து வீடுகளுக்குக் கரண்டு வந்துவிட்டது. தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தைக் கையால் கிள்ளுவது குறைந்து, வெட்டும் கத்தரி வந்துவிட்டது. நீங்கள் இருந்திருந்தால் அந்தக் கத்தரியையும் அதைக் கொண்டுவந்த துரையையும் ஒரு வழி பண்ணியிருப்பீர்கள்.

உங்கள் மேல் எனக்கு இன்னும் கோபம்தான் அத்தை. மருந்து ஏற்றி வந்த முதல் நாளே பத்தியம் என்று உட்கார்ந்துவிட்டீர்கள். முட்டை சூடு, மீன் ஆகாது, பருப்பு வாயு. அரிசிக் கஞ்சியும் உப்பும் போதும், பாயை விட்டு அசையக்கூடாது என்று நீங்களே சட்டம் போட்டீர்கள். நான் முட்டையை அடித்துக் கஞ்சியில் கலந்ததை எப்படித்தான் கண்டுபிடித்தீர்களோ! "எங்கிட்டயே வேல காட்டுறியா?" என்று கிண்ணத்தைத் தள்ளிவிட்டீர்கள்.

நான் சண்டை பிடித்தால் தராசைக் காட்டுவீர்கள். ஒவ்வொரு முறை ஊர் திரும்பியதும் உங்கள் மகன் உங்களைக் கொழுந்து நிறுக்கும் கொட்டகைக்கு அழைத்துப்போக வேண்டும். கொக்கியில் சாக்கைக் கட்டி, ஊஞ்சல் மாதிரி அதில் உட்காருவீர்கள். கங்காணி தராசு முள்ளைப் பார்த்து, "அப்படியே இருக்கு லா அக்கா, ஒண்ணும் கொறையல" என்பார். லயமே சந்தோஷப்பட்டது, நானும்தான். தேயிலைக்காரர்களுக்குத் தராசு சொன்ன பிறகு வேறு பேச்சு ஏது?

ஆனால் ஒரு துண்டைப் பிழியக்கூட உங்கள் கைக்கு வலுவில்லை. பாதம் வீங்கிச் செருப்பு ஏறவில்லை. முகம் உப்பியிருந்ததைப் பார்த்தவர்கள், "பூசுனாப்ல ஆயிட்டீங்களே" என்றார்கள்.

அப்புறம்தான் கோலாலம்பூரில் அந்த டாக்டரம்மா உங்களை எழுந்து நிற்கச் சொன்னார். தொடை நடுங்கியது. என் தோளைப் பிடித்தும் முடியவில்லை. அவர் குனிந்து உங்கள் முழங்காலுக்குக் கீழே கட்டைவிரலை அழுத்தி எடுத்தார். குழி அப்படியே நின்றது.

"எடை கொறையலன்னு சொல்றீங்க. இது தண்ணிம்மா. உள்ள சதை கரைஞ்சுபோச்சு. இந்த ஒடம்பு இப்ப மருந்தத் தாங்காது. முட்ட, மீனு சாப்பிடுங்க, கொஞ்சம் நடங்க. தெம்பு வரட்டும், பாக்கலாம்."

தாப்பாவிலிருந்து மலையேறும் பஸ்ஸில் வீங்கிய காலையே அழுத்தி அழுத்திப் பார்த்துக்கொண்டு வந்தீர்கள். ரிங்லெட் தாண்டியதும் சிரித்தீர்கள். "மழ நாள்ல ஈரம்னு என் கொழுந்து எடையில கழிச்சதுக்கு அந்தக் கங்காணிய எவ்ளோ திட்டியிருக்கேன். என்னய நிறுக்கிறப்ப அவனும் கழிக்கல, நானும் கழிக்கல, பாரு சரோஜா."

வீட்டுக்கு வந்ததும் நீங்களே முட்டை கேட்டீர்கள், நெத்திலி வறுக்கச் சொன்னீர்கள். சுவரைப் பிடித்துக்கொண்டு லயத்தின் கோடிவரை நடந்தீர்கள். உங்கள் பிடிவாதம் இந்தப் பக்கம் திரும்பியதும் எனக்கு எவ்வளவு நிம்மதி! ஆனால் நோய் காத்திருக்கவில்லை. அடுத்த மருந்துக்கு முன்பே போய்விட்டீர்கள். முதலிலேயே சாப்பிட்டிருந்தால் பிழைத்திருப்பீர்களா? டாக்டரும் சொல்லவில்லை, எனக்கும் தெரியவில்லை. ரொம்ப நாள் அழுதேன்.

இப்போது எனக்கு முட்டையைப் பார்த்தாலே குமட்டுகிறது. வாயெல்லாம் இரும்பு ருசி. உங்கள் மகன் எதிரில் உட்கார்ந்து, "இன்னும் ஒரு வாய் புள்ள" என்று உயிரை வாங்குகிறார். பிறகு கையைப் பிடித்து ஏற்றத்தில் நடத்துகிறார். முடி போய்விட்டது, கால் இன்னும் சொல் கேட்கிறது. படுத்துக்கொள்ளத்தான் ஆசையாக இருக்கும். அப்போதெல்லாம் உங்கள் மேல் உள்ள கோபத்தை நினைத்து எழுந்துவிடுகிறேன்.

உங்களிடம் பேச எவ்வளவோ இருக்கிறது. நேரிலேயே பேசிவிடலாம் என்று சில நாள் தோன்றவும் செய்கிறது. ஆனால் இப்போதைக்கு நான் வருவதாக இல்லை. மீதி வைத்தியத்தையும் முடிப்பேன், உங்கள் சின்னப் பேத்திக்குக் கல்யாணம் பண்ணிப் பார்ப்பேன், இது சத்தியம். எனக்காக அங்கே இடம் பிடித்து வைக்காதீர்கள் அத்தை.

உங்களிடம் இன்னும் மல்லுக்கட்டும் மருமகள்,
சரோஜா