கரடியனாற்று மின்சார வட்டை

கரடியனாறு,
மார்கழி, 2009.

அன்பு மருமகள் கேதீஸ்வரிக்கு,

நாங்கள் இங்கே மாமாங்கேஸ்வரர் தயவில் சுகமாயும் வடகீழ்ப் பருவ மழையின் தயவில் நல்லா நனைந்தும் இருக்கிறோம், நீயும் அங்கே டென்மார்க்கில் அந்தப் பனிக்குள் தடிமன் காய்ச்சல் இல்லாமல் இருக்கவேண்டும் என்று அமிர்தகழியில் அவருடைய கோயிலில் ஒரு தேங்காய் உடைத்தேன். அது நேர் பாதியாய்ப் பிளந்தது, ஆகையால் பயமில்லை. மறுகா, இந்தக் கடிதத்தில் நான் எழுதப்போகிற கதையை உலகத்தில் ஒருத்தரும் நம்பமாட்டார்கள் என்று ஈரவேட்டியோடு நின்று சத்தியம் பண்ணித் தொடங்குகிறேன். நீயும் நம்பவேண்டாம், ஆனால் கடைசிவரை வாசி. அம்மாவின் இன்சுலின் ஒழுங்காய்க் குளிரில் இருக்குதா, இல்லாட்டி தை மாதம் லீவு போட்டு வந்து கொழும்பில் அறை எடுத்து அவவை அங்கே இருத்திப்போட்டுத்தான் திரும்புவன் என்று எழுதியிருந்தாய். அதை வாசித்துக் காட்டினதிலிருந்து உன்ட அம்மா, என்ட அக்கா, சரியாய்ச் சாப்பிடுகிறா இல்லை. கல்குடாவில் கடல் வந்து அத்தானையும் வீட்டையும் கொண்டுபோச்சு, இங்கே என்னட்ட வந்தால் சண்டை வந்து எல்லாரையும் முகாமுக்குத் துரத்திச்சு. அதால அவ, இனி நான் இந்த வளவை விட்டு எங்கேயும் எழும்பமாட்டன் என்று நிற்கிறா. ஆகையால் இந்தக் கடிதம் விளையாட்டில்லை, என்ட கையெழுத்து அப்படித் தெரிந்தாலும்.

முதலில் உன்ட கரண்டுக் கந்தோர் வேலைக்கு வாறன். டென்மார்க்கில் காற்று கூடினால் காற்றாடி தருகிற கரண்டு கடலுக்கு அடியால் நோர்வேக்குப் போகுமாம், நோர்வேக்காரர் தங்கட குளத்துக் கதவைத் திறக்காமல் தண்ணியை மிச்சம் பிடிப்பாங்களாம், காற்று விழுந்த நாளில் அந்தத் தண்ணி கரண்டாகி உங்களுக்குத் திரும்பி வருமாம், நாளைக்கு எந்த மணிக்கு என்ன விலை என்று இன்றைக்கே பேசி முடிப்பீங்களாம். இது எனக்கு நல்லா விளங்கிச்சு, உன்னிச்சைக் குளத்துத் தண்ணிக்கு விதைப்புக்கு முதல் நாங்கள் போடுகிற கூட்டமும் இதுதான், உங்கட கூட்டத்தில் வெற்றிலைத் தட்டம் இருக்காது, அவ்வளவுதான். விளங்காதது ஒன்று. காற்று மிஞ்சினால் விலை பூச்சியத்துக்கும் கீழே போய், கரண்டையும் குடுத்து அதை எடுக்கிறவனுக்குக் காசும் குடுப்பீங்க என்று எழுதினியே, அது எப்படி? காற்றாடியைக் கயிறு போட்டுக் கட்டிவைக்க ஏலாதா? உங்கட நாடுகளுக்கெல்லாம் மேலே நின்று, இப்ப நீ எடு, இப்ப நீ விடு என்று சொல்லுகிற வட்டைவிதானை ஆர்? நான் இதைத் தேத்தண்ணிக் கடையில் சொன்னேன். முதலையை ஏரில் பூட்டி வயல் வட்டை முழுக்க உழுதேன் என்று சொன்னபோது தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்த சனம், இதுக்கு எழும்பிப் போயிட்டுது. ஏறாவூர் மஜீட் காக்கா மட்டும் இருந்தார். சீனித்தம்பி, நீ இவ்வளவு காலமும் சொன்ன பொய்யெல்லாம் அளவான பொய், இதைத்தான் கொஞ்சம் கூட்டிப்போட்டாய் என்றார்.

அந்த மஜீட் காக்காதான் சண்டை ஓய்ந்து பாதை திறந்த பிறகு பற்றறியில் ஓடுகிற சின்னக் குளிர்ப்பெட்டி ஒன்று கொண்டுவந்து தந்தவர். நாங்கள் திரும்பி வந்து குடியேறினபோது தொண்டு நிறுவனம் ஒன்று கூரைக்குக் கூரை சூரியத் தகடு பூட்டித் தந்ததே, அதில் வெயில் காலம் முழுக்கப் பெட்டி நல்லா ஓடிச்சு. மழை தொடங்கினதும் சூரியன் எங்களை மறந்திட்டான். எங்கட வளவில் பலாவும் மாவும் வேறு கூரையை மூடி நிற்குது. பெட்டிக்குள் கையை வைத்தால் பிள்ளை குளிக்க வார்க்கிற வெந்நீர்ச் சூடு. உன்ட அம்மா ஈரமணல் போட்ட சட்டிக்குள் மருந்தைப் புதைத்து வைத்தா, அது கொஞ்ச நாளைக்குத்தான் தாங்கும் என்று கிளினிக்கில் நேர்ஸ் பிள்ளை சொல்லிப்போட்டுது. அப்பதான் உன்ட கடிதத்தை எடுத்துத் திரும்ப வாசித்தேன். வெயில் போனால் என்ன, எங்களிட்டத் தண்ணி இருக்குதே. நாங்களே டென்மார்க், நாங்களே நோர்வே.

உடனே எங்கட வட்டைவிதானை நல்லரத்தினத்திடம் போனேன், ஆருடைய வயலுக்கு எப்ப தண்ணி என்று சொல்லுகிறவர் அவர்தானே, அவருடைய சொல்லில்லாமல் இங்கே வாய்க்காலில் தவளையும் கத்தாது. கூட்டம் போட்டோம். உழவு இயந்திரத்து டைனமோவைச் சைக்கிள் சில்லில் பூட்டி, சில்லைச் சுற்றி அகப்பை கட்டி வாய்க்காலில் இறக்கினோம், வீட்டுக்கு வீடு வயர் இழுத்தோம். அது சுற்றின வேகத்தில் வாய்க்கால் தண்ணி பின்னுக்கு ஓடி உன்னிச்சைக் குளம் நிரம்பி வழிந்து வான் பாய்ந்தது. வெளிச்சத்துக்குக் கண் கூசிக் கொக்கெல்லாம் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. இந்தியாவிலிருந்து கடலுக்கு அடியால் இலங்கைக்குக் கம்பி போடப் பேசுகிறார்கள் என்று பேப்பரில் கிடந்தது, வீண் செலவு வேண்டாம், மிச்சக் கரண்டைக் கரடியனாற்றிலிருந்து நாங்களே அனுப்புகிறோம் என்று இரண்டு அரசாங்கத்துக்கும் சொல்லியனுப்பினேன்.

எங்களை விழுத்தினது வெளியாள் இல்லை, எங்கட முறைதான். தண்ணிக்கு எப்படியோ கரண்டுக்கும் அப்படியே என்று விதானை தீர்த்தார், மேல் வீட்டுக்கு முதல் முறை, கடை வீட்டுக்குக் கடைசி முறை. எங்கட வீடுதான் அந்தக் கடை வீடு. முறை முடிந்ததும் வந்து வயரைக் கழற்றி, உள்ளே வந்த கரண்டு வடியக்கூடாது என்று நுனியைக் களிமண்ணால் அணைத்துச் சின்ன வரம்பும் கட்டினார். வயலுக்குள் ஒருக்கால் விட்ட தண்ணி நாள்கணக்கில் நிற்குதுதானே. வயருக்குள் ஒன்றும் நிற்காது என்று எங்களில் ஒருத்தருக்கும் மண்டையில் ஓடேல்லை, வரம்புக்குக் களி குழைத்துக் கொடுத்தவனே நான்தான். விடியப் பார்த்தால் பெட்டி பழைய வெந்நீர்.

விதானை கனநேரம் தலையைச் சொறிந்துபோட்டு, கரண்டு கடை வீட்டுக்கு வராட்டிப் பெட்டியை மேலே என்ட வீட்டுக்குக் கொண்டு வாங்க என்றார். அவருடைய கூரைக்கு மேலே ஒரு மரமும் இல்லை, மழை மப்பிலும் கொஞ்சம் வெளிச்சம் பிடிக்கும், எங்கட தகட்டையும் கழற்றி அங்கே பக்கத்தில் பூட்டினால் பெட்டி ஓடக் காணும். எல்லாரும் ஓம் என்றோம், உன்ட அம்மா ஒண்ணா, ஏலாது என்றா. உனக்குத் தெரியும் ஏனென்று. கடல் வந்த அடுத்த வருசம் விதானையின் மகள் பெரியபிள்ளையான சடங்குக்கு, உடுத்திக்கொண்டு போனவவை விதானையின் பெண்சாதி சீதேவிப்பிள்ளை வாசலில் வைத்து, நீங்க இப்ப முன்னுக்கு வரவேண்டாம்கா, பின்பக்கத்தால் வாங்க என்று சொன்னாவே. அதற்குப் பிறகு உன்ட அம்மா அந்த ஒழுங்கையாலும் போனதில்லை. மருந்து பழுதானாலும் பரவாயில்லை, அந்த வாசலுக்கு நான் போகமாட்டன் என்று சட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு இருந்தா. பிறகு என்ன நடந்தது? ஆனைகள் வந்தன. மேளதாளத்தோடு குளிர்ப்பெட்டி ஆனைமேல் ஊர்வலம் போனது, மாமாங்கத் தீர்த்தத்துக்கு வராத சனமெல்லாம் அதுக்கு வந்தது என்று எழுதி முடித்துவிடலாம்.

மகள், உடம்பைப் பார்த்துக்கொள், தலையை ஈரத்தோடு விடாதே, பூச்சிய விலைச் சங்கதியை விளக்கி எழுத மறக்காதே, தேத்தண்ணிக் கடையில் என்ட மானம் அதில் தொங்குது. மாமாங்கத்தான் உனக்கு நீண்ட ஆயுளும் நல்ல புத்தியும் தருவான். இனி உண்மைக்கு வாறன். டைனமோ ஒரேயொரு சைக்கிள் பல்ப்பை எரித்தது, அதுவும் சிவந்து சிவந்து. குளம் வழியவில்லை, ஆனை வரவில்லை. ஒரு சின்னத் துண்டு மட்டும் மெய். மழைக்குள் சீதேவிப்பிள்ளை தானே எங்கட படலைக்கு வந்து, சின்னத்தங்கம், நான் அன்றைக்குச் சொன்னது பிழை, வாங்க, முன்னால வாங்க என்று உன்ட அம்மாவின் கையைப் பிடித்துக் கூட்டிப்போனா. பெட்டி அங்கேதான் இருக்குது, மருந்து நல்ல குளிர். ஒவ்வொரு நாளும் விடிய அந்த வீட்டு முன்வாசலால் முதலாவதாய் உள்ளே போகிற ஆள் உன்ட அம்மா, போனால் மத்தியானச் சோற்றுக்குத்தான் திரும்பி வாறா. கொழும்பில் அறை பார்க்கவேண்டாம்.

இப்படிக்கு,
உன் மாமா
சீனித்தம்பி