தடுமாறச் சொன்னார்கள்

ஒக்டோபர் 5, ஞாயிறு

இன்று தமிழ்த் தொலைக்காட்சியில் விவாத நிகழ்ச்சி. ‘இங்கே பிறந்த பிள்ளைகள் கெட்டுப்போனார்களா?’ நான் பிள்ளைகள் பக்கம். மூன்று பக்கம் எழுதிப் பாடமாக்கிக்கொண்டு போனேன். ஒத்திகையில் கேட்டுவிட்டுத் தயாரிப்பாளர் ஜனார்த்தன் அண்ணை தலையைச் சொறிந்தார்.

“தங்கச்சி, நீர் வடிவாக் கதைக்கிறீர். ஆனா இங்க பிறந்த பிள்ளை மாதிரி இல்லை. கொஞ்சம் தடுமாறும். சனம் நம்பவேணும் எல்லே?”

நான் கனடாவில், ஸ்காபரோவில் பிறந்தவள். இதைவிட எப்படி இங்கே பிறப்பது?

ஆனாலும் தடுமாறினேன். ‘பண்பாடு’ என்ற சொல்லைத் தேடுவதுபோலக் கையைச் சுற்றினேன். சபை சிரித்துக் கைதட்டியது. சீ, எனக்கு அது பிடித்திருந்தது.

ஒக்டோபர் 10, வெள்ளி

அந்தத் துண்டை மட்டும் வெட்டி இணையத்தில் போட்டிருக்கிறார்கள். நாற்பதாயிரம் பேர் பார்த்துவிட்டார்கள். ‘பாவம் பிள்ளை.’ ‘எங்கட சந்ததி முடிஞ்சுது.’ ‘சோ கியூட்!’ கோபம் கோபமாக வருகிறது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை திறந்து, எத்தனை பேருக்குப் பிடித்திருக்கிறது என்றும் பார்க்கிறேன்.

ஒக்டோபர் 11, சனி

அம்மா வெக்ஸ்போர்ட்டில் பதினொரு வருடமாகச் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு எடுக்கிறார். எனக்கு ஆனா ஆவன்னா சொல்லித்தந்ததும் அவர்தான். இன்று ஒரு தகப்பன் மகனை வகுப்பிலிருந்து நிற்பாட்டிவிட்டாராம். “ரீச்சர், உங்கட பிள்ளைக்கே வரேல்லை, என்ர பிள்ளைக்கு எங்க வரப்போகுது?”

அம்மா என் போனை வாங்கி அந்தத் துண்டை இரண்டு தரம் பார்த்தார்.

“உது நீயோ?”

“அவை தடுமாறச் சொன்னவை, அம்மா.”

“சொன்னா?”

போனைத் திருப்பித் தந்துவிட்டுக் குசினிக்குப் போனார்.

ஒக்டோபர் 12, ஞாயிறு

சொன்னால் செய்துவிடுவதா? செய்தேனே. ஏன்?

ஒக்டோபர் 14, செவ்வாய்

மத்தியானம் பள்ளிக்கூடத்தில் வேரோனிக்கா வந்து கட்டிப்பிடித்தாள். வகுப்பில் எனக்கு இருக்கும் ஒரே தமிழ்ச் சிநேகிதி.

“நீ எப்பவும், லைக், ரீச்சர் மாதிரிக் கதைப்பாய். அந்த வீடியோவிலதான் எங்களை மாதிரி இருந்தனி.”

அவள் தடுமாறுவது நிசம். வீட்டில் வாய் திறந்தால் தகப்பன் சிரிப்பாராம். அதைத்தான் நான் நடித்துக் கைதட்டு வாங்கினேன். சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவள் பக்கத்தில் இருப்பது நன்றாக இருந்தது.

இதில் எது நான்?

ஒக்டோபர் 25, சனி

அடுத்த ஒளிப்பதிவுக்கும் வரச்சொல்லி ஜனார்த்தன் அண்ணை அழைத்தார். உடனே ஓம் என்றேன். “இந்த முறை ஒழுங்காக் கதைப்பன். மகனை நிற்பாட்டின அந்தத் தகப்பனும் பாக்கட்டும்” என்று அம்மாவிடம் சொன்னேன். தானும் வருவதாகச் சொன்னார். சந்தோஷப்பட்டார் என்றுதான் நினைக்கிறேன்.

நவம்பர் 2, ஞாயிறு

அம்மா மூன்றாவது வரிசையில். நான் திருத்தமாகத் தொடங்கினேன். சபையில் ஒரு சத்தமும் இல்லை. முன்னால் இருந்தவர் போனை எடுத்துப் பார்க்கத் தொடங்கினார். பிறகு — ‘பொறுப்பு’ என்ற சொல் வரவில்லை. நடிக்கவில்லை. கடவுளாணை, நடிக்கவில்லை. நடித்தேனா? கை தானாகச் சுற்றத் தொடங்கியது. சபை விழுந்து விழுந்து சிரித்தது. இப்போது எழுதும்போது சொல் உடனே வருகிறது, அங்கே எங்கே போனது?

எல்லோரும் கைதட்டினார்கள். அம்மாவும் தட்டினார்.

நவம்பர் 3, திங்கள்

பின்னேரம் அம்மா என் அறைக் கதவைத் தட்டினார்.

“நிரூபா, டின்னர் இஸ் ரெடி. கம் அண்ட் ஈற்.”

கிண்டல் இல்லை. கோபமும் இல்லை. எனக்கு விளங்கவேண்டும் என்று, ஒவ்வொரு சொல்லாக, மெதுவாகச் சொன்னார்.